நான் வாசிக்காத அறிவிப்பு

இதை எழுதலாம் என்று உட்கார்வதும், வேண்டாம் என்று எழுந்து போவதுமாகவே இத்தனை வருஷம் ஓடிவிட்டது. பயந்து அல்ல, வெட்கப்பட்டு. எழுதினால் முழுசாக எழுத வேண்டும். முழுசாக எழுதினால் ஊரில் எனக்கு இருக்கும் நல்ல பெயர் போய்விடும். அந்த நல்ல பெயரே எனக்குச் சேர வேண்டியது இல்லை என்பதுதான் விஷயம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய், ஆவி, அமானுஷ்யம் எதையும் நான் நம்புகிறவன் இல்லை. விபூதி வைக்காமல் கடையைத் திறந்ததில்லை, பௌர்ணமிக்குப் பௌர்ணமி மலையைச் சுற்றுகிறவன், அது வேறு. சாமி உண்டு. மற்றபடி யாராவது வந்து குரல் கேட்டது, ஆளில்லாத வீட்டில் பேச்சு கேட்டது என்று ஆரம்பித்தால், "எங்கயாவது ஒயர் போயிருக்கும், பாரு" என்றுதான் சொல்வேன். நான் மைக் செட் வைத்திருப்பவன். என் தொழிலில் எந்தச் சத்தத்துக்கும் பின்னால் ஒரு ஒயர் இருக்கும். ஒயர் இல்லாமல் சத்தம் கிடையாது. நீங்களும் அப்படி நினைக்கிறவராக இருந்தால் இதைப் படித்துவிட்டு என்னைப் பைத்தியக்காரன் என்று சொல்லுங்கள். பொய்யன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஒன்பதாவதோடு என் படிப்பு நின்றுவிட்டது. திருவண்ணாமலையில் கல்யாணம், காது குத்து, கட்சிக் கூட்டம் எதுவென்றாலும் 'மைக் செட் தாமு' என்றால் தெரியும். வருஷா வருஷம் கார்த்திகை தீபத்துக்கு எங்கள் தெருக்காரர்கள், கிரிவலப் பாதை ஊருக்குள் திரும்புகிற இடத்தில் ஒரு பந்தல் போடுவோம். கூட்டத்தில் காணாமல் போனவர்களைச் சேர்த்துவைக்கிற பந்தல். குழந்தையைத் தொலைத்தவர்கள், மாமியாரைத் தொலைத்தவர்கள், கூட வந்த ஆளைத் தொலைத்தவர்கள் எல்லோரும் அங்கே வருவார்கள். நான் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். ரோடு முழுக்கக் கம்பத்துக்குக் கம்பம் என் ஹார்ன் ஸ்பீக்கர்தான். மைக் செட்டும் இலவசம், தொண்டையும் இலவசம், சாமிக்குச் செய்வது.

கம்ப்யூட்டர் சென்டர் தெருவுக்குத் தெரு முளைத்த காலம் அது. இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச வருஷம்தான் ஆகியிருந்தது. என் மனைவி வசந்தாவின் தம்பி குமரேசன் அப்படி ஒரு சென்டரில் பாடம் நடத்திக்கொண்டிருந்தான். எங்கள் பந்தலில் துண்டுச் சீட்டுகள் கலந்துபோய், ஒருத்தர் குழந்தைக்கு இன்னொருத்தர் பெயரை நான் கூப்பிட்டுத் திட்டு வாங்குவதைப் பார்த்துவிட்டு அவனாகவே ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தான். கறுப்புத் திரை. அதில் ஒவ்வொரு கேள்வியாக வரும். பெயர் என்ன, வயசு என்ன, என்ன உடுத்தியிருந்தார், தேடுகிறவர் யார், எங்கே காத்திருக்கிறார். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ்ப் பேச்சு. ஒன்றுக்குப் பதில் சொன்னால்தான் அடுத்ததைக் கேட்கும். எல்லாம் முடிந்ததும் நான் மைக்கில் வாசிக்க வேண்டிய வாசகத்தை அதுவே சேர்த்துக் கொடுக்கும்.

நல்ல புரோகிராம்தான், ஆனால் அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்தாலே பந்தலில் யாரும் கிட்டே வரமாட்டார்கள். தப்பாக எதையாவது அழுத்தினால் வெடித்துவிடும் என்கிற மாதிரி தள்ளி நிற்பார்கள். அதனால் அந்த வருஷம் அவன் அதற்கு ஒரு முகம் செய்தான். நீல நிற விண்டோ, மேலே எழுதுவதற்குக் கட்டங்கள், நடுவில் பெரிய பட்டன், கீழே ஒரு வெள்ளைக் கட்டம். மேலே எழுதி பட்டனை அழுத்தினால் கீழ்க் கட்டத்தில் அறிவிப்பு வரும். கறுப்புத் திரை எங்கேயோ மறைந்துபோனது.

"பழைய புரோகிராமைத் தூக்கிட்டியா?" என்று கேட்டேன்.

"தூக்கல மாமா. அதேதான் உள்ள ஓடுது, கண்ணுக்குத் தெரியாது. நீங்க கட்டத்துல எழுதறது ஒரு குழாய் வழியா அதுக்குப் போவுது. அது சொல்றது இன்னொரு குழாய் வழியா வந்து கீழ விழுது. அவ்ளோதான்."

"மைக்கு இன்புட்டு, ஹார்னு அவுட்புட்டு. நடுவுல ஆம்பிளிஃபயர்."

"பாருங்க, எங்க பசங்களுக்கு ஒரு வாரம் சொன்னாலும் புரியல" என்று சிரித்தான்.

ஆனால் முதல் தடவை ஓட்டியபோது விண்டோ அப்படியே செத்துப்போய் நின்றது. பட்டன் அழுத்தினாலும் அசையவில்லை. அவன் தலையைச் சொறிந்துகொண்டு வெகு நேரம் பார்த்தான். கடைசியில் என்ன ஆயிற்று என்றால், உள்ளே இருக்கிற புரோகிராம் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறது, ஆனால் அந்தக் கேள்வி வெளியே வரவே இல்லை, உள்ளேயே தேங்கி நிற்கிறது. வெளியே இருக்கிற விண்டோ கேள்வி வரட்டும் என்று காத்திருக்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று காத்துக்கொண்டு கிடக்கின்றன.

"கறுப்புத் திரையில உடனே பேசுது. குழாய் வழியா பேசச் சொன்னா மட்டும் சேத்துச் சேத்து வச்சிக்குது மாமா. ஒவ்வொரு வரியையும் உடனே வெளிய தள்ளுன்னு தனியா சொல்லணும்."

"நேர்ல வாய் கிழியப் பேசுறவன் மைக்கைக் கையில குடுத்தா முழுங்குவானே, அந்த மாதிரி."

"அதே கேசுதான்."

சரி செய்துவிட்டான். இன்னொன்றும் சொன்னான். மூலையில் இருக்கிற எக்ஸை அழுத்தி விண்டோவை மூடினால் முகம்தான் போகும், உள்ளே இருப்பது ஓடிக்கொண்டேதான் இருக்கும், அதைத் தனியாக நிறுத்த வேண்டும் என்று. அப்போது அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இனி என் நைனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவை எங்கள் வீட்டில் நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஏகாம்பரம் என்பது பெயர், ஊருக்குக் கண்டக்டர். கீழ்பென்னாத்தூர் போகிற பஸ்ஸில் தலை நரைக்கிற வரைக்கும் டிக்கெட் கிழித்தவர். அம்மா போனபிறகு அவருக்கு ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாக நழுவ ஆரம்பித்தது. முதலில் சாவியை மறந்தார், பிறகு சாப்பிட்டதை மறந்தார், பிறகு எங்களை. பஸ்ஸை மட்டும் மறக்கவில்லை. தெருமுனையில் நின்று போகிற வருகிறவர்களை, "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காத" என்று விரட்டுவார். சில நாள் வேட்டி இடுப்பில் இருக்காது. தெருப் பிள்ளைகள் 'டிக்கெட் தாத்தா' என்று பின்னாலேயே ஓடுவார்கள்.

ஒருநாள் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். நான் மைக் செட் போட்டிருந்தேன். எப்படி வந்தார் என்றே தெரியவில்லை, வெறும் பனியனோடு மேடையேறி மைக்கைப் பிடித்துக்கொண்டு, "கீழ்பென்னாத்தூர் எல்லாம் இறங்கு, கீழ்பென்னாத்தூர்" என்றார். மண்டபமே சிரித்தது. மாப்பிள்ளை சிரித்தான், ஐயர் சிரித்தார். யாரோ, "மைக் செட்டோட ஆளையும் சேத்து அனுப்பியிருக்கான்டா தாமு" என்றான். நான் நைனாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். இழுத்து என்றுதான் சொல்ல வேண்டும். அன்றைக்குப் பிறகு நான் வெளியே போகும்போது அவரை உள்ரூமில் வைத்துத் தாழ்ப்பாள் போடச் சொல்லிவிட்டேன். வசந்தா வேண்டாம் என்றாள். நான் கேட்கவில்லை.

அந்த வருஷம் தீபத்தன்று மத்தியானமே கூட்டம் நெரிய ஆரம்பித்துவிட்டது. பந்தலில் நானும் காதர் பாயும் இருந்தோம். பாய் என் பக்கத்துக் கடைக்காரர், ஃபேன், மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றுகிறவர், என்னைவிட வயதில் பெரியவர். ஒவ்வொரு தீபத்துக்கும் கடையை மூடிவிட்டு வந்து நிற்பார். அவர் டைப் அடிப்பார், நான் வாசிப்பேன். வெயில் சாய்கிற நேரத்தில் குமரேசன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து வந்தான்.

"மாமா, கொஞ்சம் இப்டி வாங்க."

"இரு, ஒரு பேரு பாக்கி."

"மாமா, நைனா வூட்ல இல்ல."

வசந்தா சோறு கொடுக்கத் தாழ்ப்பாளைத் திறந்திருக்கிறாள். சாயங்காலம் மலையில் தீபம் தெரிந்ததும் வீட்டில் ஏற்றுவதற்கு அகல்களைக் கழுவி வாசலில் வரிசையாக வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை. தெரு முழுக்கத் தேடிவிட்டாளாம்.

"நான் டைப் பண்ணிடறேன், நீங்க ஒரு வாட்டி வாசிச்சிடுங்க" என்றான் குமரேசன்.

"வேணாம்."

"மாமா, ஜனத்தைப் பாருங்க. இதுல எங்கன்னு தேடுவீங்க? வழியெல்லாம் குளம் வேற."

"மெதுவா பேசு. பாய் காதுல விழப்போவுது. ஊரு பூரா என் ஹார்னு கட்டியிருக்கு. என் வாயாலயே அவரு பேரைச் சொன்னா, டிக்கெட் தாத்தா இன்னிக்கும் வந்துட்டாருடான்னு நாளைக்கு எவன் எவன் சிரிப்பான் தெரியுமா?"

"அவரு உங்க நைனா மாமா."

"தெரியும், நீ போய்த் தேடு."

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பார்வை இன்றும் எனக்கு முன்னால் இருக்கிறது. சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். நான் மைக் முன்னால் உட்கார்ந்து ஊரார் வீட்டுப் பெயர்களை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது தண்டராம்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தாள். புருஷனைக் காணோம் என்று அழுகை. பாய் விசைப்பலகையில் கையை வைத்துக்கொண்டு, "பேரு சொல்லும்மா" என்றார்.

அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு தலையை ஆட்டினாள். "அவரு பேரை நான் எப்டிங்க சொல்றது?"

"சொல்லாம நான் எப்டிம்மா போடறது?"

"அதோ மேல இருக்காரே, அவரு பேருதாங்க" என்று மலையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"அண்ணாமலையா? இந்த ஊர்ல கல்லெடுத்து வீசினா பாதி அண்ணாமலை மேலதான் விழும். அப்பா பேரு, ஊரு பேரு எல்லாம் சேத்துச் சொல்லு. தாமு, நீ கூப்பிடு பார்க்கலாம், நூறு பேரு வந்து நிப்பான், இந்தம்மா பொறுக்கிக்கட்டும்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவளும் அழுகையோடு சிரித்துவிட்டாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, சட்டென்று என் முன்னால் இருந்த மைக்கைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "அவரே இல்லைன்னா பேரை வச்சிகினு நான் இன்னா பண்றது" என்றாள். தகப்பன் பெயர், ஊர்ப் பெயர் எல்லாவற்றோடும் சேர்த்து, புருஷன் பெயரை ஊரே கேட்கக் கத்திச் சொன்னாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து முதல் தடவையாகச் சொல்லியிருப்பாள். கொஞ்ச நேரத்தில் அந்த ஆள் மூச்சு வாங்க ஓடி வந்தான். அவள் அவனை முதுகில் ஒன்று போட்டுக் கூட்டிக்கொண்டு போனாள்.

என்னால் உட்கார முடியவில்லை. உடம்பெல்லாம் கூசியது. அப்படியும் நான் வாயைத் திறந்தேனா என்றால், இல்லை.

பாய் அஸர் தொழுகைக்குக் கிளம்பிப் போனார். பந்தலில் கூட்டம் இல்லை. எல்லோரும் தீபம் பார்க்க இடம் பிடிக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து ஓடிய ஆம்பிளிஃபயர் கொதித்துப் போயிருந்தது. ஆறட்டும் என்று அதன் சுவிட்சை அணைத்தேன். சிவப்பு விளக்கு அணைந்ததைக் கண்ணால் பார்த்தேன். மைக் மேல் துண்டைப் போட்டு மூடினேன். பிறகு மலையைப் பார்த்துக் கும்பிட்டு ஒரு வேண்டுதல் செய்தேன். எழுதக் கை கூசுகிறது, இருந்தாலும் எழுதுகிறேன். "அண்ணாமலையாரே, என் வாயைத் திறக்க வைக்காம என் நைனாவைத் திருப்பிக் குடுத்துடு." இதுதான் நான் கேட்டது. அவர் நன்றாக இருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. என் வாய் திறக்கக் கூடாது என்று கேட்டேன்.

கண்ணைத் திறந்தபோது கீழே இருந்த வெள்ளைக் கட்டத்தில் ஒரு வரி வந்திருந்தது.

நம்பினால் நம்புங்கள். என் இரண்டு கையும் மடியில் இருந்தன. மேலே இருந்த கட்டங்கள் எல்லாம் காலி. எழுத்தே இல்லை. கீழே மட்டும் ஒவ்வொரு வரியாக இறங்கியது. பெயர்: ஏகாம்பரம், கண்டக்டர். அடுத்து அவர் வயசு. கொஞ்சம் நின்றது, யாரோ யோசிக்கிற மாதிரி. உடை: வேட்டி, தோளில் பச்சைக் கட்டம் போட்ட துண்டு. மறுபடி நின்றது. தேடுபவர்: மகன் தாமோதரன். காத்திருக்கும் இடம்: பஸ் ஸ்டாண்டில் கீழ்பென்னாத்தூர் வண்டி நிற்கும் இடம். பிறகு, நான் வாசிக்க வேண்டிய வாசகம் முழுசாக வந்து நின்றது.

குமரேசன்தான் ஏதோ வேலை செய்துவிட்டுப் போயிருக்கிறான் என்று ஒரு கணம் கோபம் வந்தது. அடுத்த கணம் யாராவது வந்து பார்த்துவிடப் போகிறார்களே என்று பதறி எக்ஸை அழுத்தினேன். விண்டோ மூடிக்கொண்டது. நைனா பெயர் திரையிலிருந்து போய்விட்டது. துண்டு மூடிய மைக்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். இதற்குள் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. மலை மேல் ஆணையாகச் சொல்கிறேன், ஒரு வார்த்தை பேசவில்லை.

எதிரே டீக்கடை போட்டிருந்த கமலா அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "இன்னாண்ணே, உங்க நைனாவையா காணோம்? சொல்லவே இல்ல?"

"யாரு சொன்னா உனக்கு?"

"நல்லா கேக்கறீங்களே. நீங்கதான இப்ப மைக்குல கூப்பிட்டீங்க."

நான் எழுந்து நின்றேன். அதற்குள் காதர் பாய் தொப்பியைக்கூடக் கழற்றாமல் வேக வேகமாக வந்தார்.

"ஏம்ப்பா தாமு, காலையிலருந்து பக்கத்துலயே உக்காந்துகினு இருக்கேன், என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா நீ? பள்ளிவாசல் வாசல்ல செருப்பு மாட்டிகினு இருக்கேன், உன் குரல் கேக்குது."

"பாய், நான் கூப்பிடல."

"உன் குரல் எனக்குத் தெரியாதா? நடுவுல ஒரு வாட்டி தொண்டை அடைச்சிது உனக்கு. நிறுத்திட்டு மறுபடி முதல்லருந்து சொன்ன. எனக்கே ஒரு மாதிரி ஆயிட்டுது."

நான் ஆம்பிளிஃபயரைக் காட்டினேன். விளக்கு அணைந்தே இருந்தது. பாய் கிட்டே போய் அதன் தலையில் கையை வைத்தார். காலையிலிருந்து கொதித்துக்கொண்டிருந்த பெட்டி ஆறிப்போயிருந்தது. பாய் கையை எடுத்து என்னைப் பார்த்தார். மைக்கின் மேல் கிடந்த துண்டைப் பார்த்தார். உதடு அசைந்தது, ஏதோ ஓதினார்.

"முதல்ல பஸ் ஸ்டாண்டுக்குப் போ" என்றார்.

தீபத்தன்று வெளியூர் வண்டிகளை எல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள். ஊர் முழுக்கக் கால் வைக்க இடம் இல்லாத அந்த ஒரு நாளில் பஸ் ஸ்டாண்டு மட்டும் வெறிச்சென்று கிடக்கும். நான் கூட்டத்தில் இடித்து, மிதித்து, திட்டு வாங்கிக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்தபோது குமரேசன் எனக்கு முன்னால் வந்திருந்தான்.

"நீங்க அறிவிச்சது கேட்டுதான் மாமா நேரா இங்க வந்தேன்" என்றான். அவன் முகத்தில் என் மேல் இருந்த கோபம் போயிருந்தது. அதைப் பார்க்க எனக்கு இன்னும் கூசியது.

கீழ்பென்னாத்தூர் வண்டி நிற்கிற இடத்தில், சிமெண்டுப் பெஞ்சில், நைனா உட்கார்ந்திருந்தார். தோளில் பச்சைக் கட்டம் போட்ட துண்டு. எங்கள் வீட்டில் அப்படி ஒரு துண்டு கிடையாது. வெற்றுடம்போடு போகிறவரைப் பார்த்து அன்னதானப் பந்தலில் யாரோ ஒரு புண்ணியவான் கொஞ்சம் முன்னால்தான் போர்த்தி அனுப்பியிருக்கிறார். அது பிறகு தெரிந்தது.

என்னைப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது. ரொம்ப நாளுக்குப் பிறகு என்னை யார் என்று அடையாளம் தெரிந்த முகம்.

"கூப்பிட்டுட்டு எங்கடா போயிட்ட?" என்றார். "நீ கூப்பிட்டதும் வந்துட்டேன். இங்க பாத்தா உன்னைக் காணோம்."

நான் என்ன சொல்ல வேண்டும்? நான் கூப்பிடவில்லை நைனா, கூப்பிட வெட்கப்பட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். "கூட்டம் நைனா" என்றேன்.

அப்போதுதான் மலை உச்சியில் தீபம் ஏறியது. ஊரே ஒரே குரலாக அரோகரா என்றது. நைனா எழுந்து நின்று தலைக்கு மேல் கையைக் குவித்தார். குமரேசனும் கும்பிட்டான். நான் மட்டும் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். கேட்டது கேட்டபடியே கொடுத்தவரைத் திரும்பிப் பார்க்க எனக்கு முகம் இல்லை. நைனா கும்பிட்டு முடித்துவிட்டு என் தோளைத் தட்டி, பஸ்ஸில் சொல்கிற மாதிரியே, "போலாம், ரைட்" என்றார்.

மறுநாள் குமரேசன் கம்ப்யூட்டரை வீட்டுக்குக் கொண்டுபோய்க் குடைந்து பார்த்தான். விண்டோவை நான் மூடியபோது உள்ளே இருந்த புரோகிராம் நிற்கவில்லை, இரவு முழுக்க ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. அது பதிந்து வைத்திருந்த கோப்பில் அந்த அறிவிப்பும் இருந்தது. ஆனால் விண்டோவிலிருந்து அதற்கு ஒரு எழுத்துகூடப் போனதாகப் பதிவு இல்லை என்றான்.

"இன்புட்டு இல்லாம அவுட்புட்டு வராது மாமா. பேரு போடலன்னா அது அடுத்த கேள்விக்கே போவாது. பதட்டத்துல நீங்களே டைப் பண்ணியிருப்பீங்க, நீங்களே வாசிச்சிருப்பீங்க. மனசுல நிக்காம போயிருக்கும்."

"சரி, அப்படியே வச்சிக்க. பச்சைத் துண்டு எனக்கு எப்டித் தெரியும்?"

அவன் மறுபடி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டான். எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருந்தது, அவனிடம் கேட்கவில்லை. கம்ப்யூட்டரில் என்னவோ ஆகிவிட்டுப் போகட்டும். கம்ப்யூட்டருக்கும் ஆம்பிளிஃபயருக்கும் நடுவில் ஒயரே கிடையாது. திரையில் வந்ததைக் கண்ணால் பார்த்து வாயால் சொல்கிற நான்தான் அந்த ஒயர். நான் அறுந்துதான் கிடந்தேன். அப்படியும் ஊருக்குக் கேட்டிருக்கிறது.

அதற்குப் பிறகு நைனாவை நான் பூட்டி வைக்கவில்லை. பிள்ளைகள் கேலி செய்வதும் நிற்கவில்லை. ஆனால் அவர் தெருமுனையில் நின்றுகொண்டு, பஸ்ஸைப் பற்றிப் பேசுகிற நேரம் போக, போகிற வருகிறவர்களிடம் எல்லாம் ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தார். "என் பையன் மைக்குல என் பேரு சொன்னான். ஏகாம்பரம், கண்டக்டர்னு சொன்னான். ஊரே கேட்டுது." சோற்றை மறந்தார், என்னைத் திரும்ப மறந்தார், இதை மட்டும் கடைசி வரைக்கும் மறக்கவில்லை. என்னிடமே வந்து, யாரோ மூன்றாவது ஆளிடம் சொல்வதுபோல, "என் பையன் தெரியுமா உங்களுக்கு? மைக் செட் வச்சிருக்கான்" என்று சொல்லியிருக்கிறார். ஒருநாள் தாங்க முடியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நைனா, அன்னிக்கு நான் கூப்பிடல" என்றேன். அவர் என் கையைத் தட்டிக் கொடுத்தார். "கேட்டுதுங்க, எனக்கு நல்லா கேட்டுது" என்றார்.

ஊரும் அப்படியே எடுத்துக்கொண்டது. வெட்கம் பார்க்காமல் பெற்ற தகப்பன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான், பிள்ளை என்றால் தாமு மாதிரி இருக்க வேண்டும் என்று பேசினார்கள். நான் பலரிடம் மறுத்துப் பார்த்தேன். அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள்.

நைனா போய்ச் சேர்ந்தார். அதற்கடுத்த தீபத்துக்கும் பந்தல் போட்டேன். பாய் இருந்தார், குமரேசனின் விண்டோவும் இருந்தது. சாயங்காலம், தீபம் ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால், வெளியூர்க்காரர் ஒருவர் தோளில் குழந்தையோடு பந்தலுக்குள் எட்டிப் பார்த்தார். அதற்கு முன்னால் நான் அவரைப் பார்த்ததே இல்லை.

"ஏங்க, அந்த ஏகாம்பரம் கண்டக்டர்னு கூப்பிட்டுகிட்டே இருந்தீங்களே, கிடைச்சிட்டாரா? வழியெல்லாம் கேட்டுகிட்டே வந்தோம், மனசுக்குக் கஷ்டமா இருந்துது. குரல் ரொம்ப அழுதுது உங்களுக்கு."

பாய் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டார். நான் மலையைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். "கிடைச்சிட்டாருங்க" என்றேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தச் சாயங்காலம் நான் கூப்பிட்ட பெயர்களில் ஏகாம்பரம் என்று ஒருவரும் இல்லை.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொல்வீர்கள், தெரியும். சொல்லுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் எனக்கு நல்ல பெயர் வருகிற மாதிரி மாற்றிச் சொல்லாதீர்கள். மகன் மைக்கில் கூப்பிட்டான், தகப்பன் வந்தார் என்று ஏற்கெனவே ஊர் மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறது. நீங்களாவது நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். மகன் கூப்பிடவில்லை. தகப்பனுக்குக் கேட்டது.